இரண்டு கணினிக்கு நடுவே ஒரு ஒயர்

ஆபரேஷன் அறைக் கணினியின் முன்னால் ஒயரும் கையுமாக நின்ற கணினிப் பிரிவு ஊழியன் டோருவுக்கு, அதைச் சொருக மட்டும் கை வரவில்லை.

"என்னய்யா யோசனை? ஸ்கேன் படம் வராம எதைப் பாத்து வயித்தைக் கிழிக்கிறது?" என்று கத்தினாள் டாக்டர் இலிங்கா.

"படம் வராம நடுவுல ஃபயர்வால்ங்கிற பாதுகாப்பு மறிக்குது டாக்டரம்மா. அதை விட்டுட்டு ஸ்கேன் கணினியையும் இதையும் ஒயரால நேரா இணைச்சா அன்னைக்கே வேலை போயிடும்னு எங்க இன்ஜினியர் கோஸ்தாக்கே சார் நோட்டீஸ் ஒட்டியிருக்காரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

திரைக்குப் பின்னால் படுத்திருந்த நோயாளி குறுக்கிட்டு அலறினார்:

"சொருகித் தொலைடா! அந்த நோட்டீஸை நானே கிழிச்சுடறேன்!"

டோரு திரையை விலக்கினான். வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தார் கோஸ்தாக்கே.

டோரு சட்டென்று ஒயரைச் சொருகினான். படம் வந்தது. பிறகு கோஸ்தாக்கேயிடம் பேனாவை நீட்டினான்.

"இப்ப சொன்னதை மட்டும் எழுத்துல குடுத்துடுங்க சார்."