மாதிரித் தண்ணீர்

கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தது. கழிவுநீர் கலந்திருப்பதால் யாரும் இறங்கக் கூடாது. தினமும் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் தமயந்தி மட்டும் இடுப்பளவு ஆழத்தில் நின்று பாட்டிலை முக்கிக்கொண்டிருந்தாள். கரையில் சக்கர நாற்காலியில் இருந்த சலேத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்கள் விளங்காமல் போன பிறகு இன்றுதான் புருஷன் அவளைக் கடலுக்குக் கூட்டி வந்திருந்தான்.

தமயந்தி கரையேறியதும் அவன் கேட்டான். “இவ காலை மட்டும் நனைச்சுக்கிடட்டுமா, மேடம்?”

“குதிகால்ல புண்ணு இருக்கே, அண்ணாச்சி. வேண்டாம்.”

“தண்ணி தெளிஞ்சுதானே கெடக்கு.”

“கொடி நேத்து எடுத்த தண்ணிக்கு. இன்னைக்குள்ளது நாளைக்குத்தான் தெரியும்.”

சலேத்து கையை நீட்டினாள். “மக்கா, அத இங்க தா.”

முக்கால்வாசி நிரம்பியிருந்த பாட்டிலின் மூடியை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, தமயந்தி அதை அவள் மடியில் வைத்தாள். சலேத்து படுக்கைவசமாகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப்போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் சாய்த்தாள்.

மாதிரியை உடனே பனிக்கட்டியில் வைத்தாக வேண்டும். தமயந்தி ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டிலைத் திருப்பிக் கேட்காமல் நின்றாள்.