நாற்பத்தெட்டு வயதில் கிளிப்

"நாற்பத்தெட்டு வயசுல பல்லுக்குக் கிளிப்பா? யாரை மயக்கப் போறீங்க?"

மனைவி கேட்டதும் கணவர் சிரித்தார். வாய் முழுக்கக் கம்பி மின்னியது.

மாதம் ஒருமுறை போனால் போதும் என்று சொல்லியிருந்தும், பல் டாக்டரிடம் அவர் வாரம் தவறாமல் போனார். போனால் இரண்டு மணி நேரம். டாக்டரோ இளம்பெண். இந்தச் சனிக்கிழமை மனைவி, "நானும் வர்றேன்" என்று கூடவே கிளம்பிவிட்டாள்.

கிளினிக்கில் கணவர் விறுவிறுவென்று உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டர் வெளியிலேயே இருந்தார்.

"ஏன் டாக்டர், இவர் பல் அவ்வளவு கோணலா?"

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே ஒரு பல் லேசா திரும்பியிருந்துச்சு. விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. கிளிப் பட்டையை ஒட்ட வைக்க எங்ககிட்ட ஒரு ஸ்பாட் வெல்டிங் மெஷின் இருக்கு. வீட்டுல பேட்டரி செய்றேன், செல்லையெல்லாம் பட்டையால இணைக்க அதைக் கொஞ்சம் தர்றீங்களான்னு கேட்டார். கிளிப் போட்டவங்களுக்குத்தான் அந்த மெஷின்னு விளையாட்டாச் சொன்னேன். மறுநாளே வந்து வாயைத் திறந்துட்டு உட்கார்ந்துட்டார்."

மனைவி கதவைத் தள்ளினாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியது கூடத் தெரியாமல், கணவர் பேட்டரி செல்களை வரிசையாக அடுக்கி, அந்த மெஷினில் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தக் கிளிப்பை எப்பதான் டாக்டர் கழட்டுவீங்க?"

"போன மாசமே கழட்டியிருக்கலாம். இன்னும் ரெண்டு பேட்டரி பாக்கி இருக்கு, அதுவரைக்கும் விடுங்கன்னு கெஞ்சுறார்."