பனிவண்டி மெத்தைக்குக் கிடைத்த தட்டிக்கொடுப்பு

பனி மூடின ஊரில் ஒரு பனிவண்டி மேடு பள்ளங்களின் மேல் பறந்தது. அதன் இருக்கை மெத்தைமேல் ஒரு அம்மா. அவள் மடியில் தூங்கும் கைக்குழந்தை. அது முழிச்சிடக் கூடாதே என்று மெத்தைக்கு ஒரே பதைப்பு. ஆனாலும் கீழே இருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தால் எரிச்சல்.

"ஏண்டா, மேடு வந்தாப் போதும், குனிஞ்சு கும்பிடு போடுறியே! வெக்கமா இல்ல? நிமிர்ந்து நில்லுடா!"

"சரிக்கா," என்று ஸ்பிரிங் விறைத்து நின்றது.

அடுத்த மேட்டில் தூக்கிப் போட்டது பாருங்கள், அம்மாவே ஒரு முழம் எகிறினாள்! குழந்தை வீலென்று அலறியது.

"ஐயையோ தம்பி, குனிடா, குனிடா!"

ஸ்பிரிங் குனிந்தது. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. குழந்தைக்கு மறுபடி கண் சொக்கியது.

இறங்கியதும் அம்மா மெத்தையைத் தட்டிக்கொடுத்தாள். "என்ன சுகம்!"

மெத்தை கூசிப்போனது. "தம்பி, அது உனக்குடா."

"நீயே வச்சுக்கக்கா," என்றது ஸ்பிரிங், பாரம் இறங்கி மெல்ல நிமிர்ந்தபடி.