டாலஸில் திறக்கும் பெட்டி

"உள்ள ஒன்பது பின்னு இருக்கு செல்வி. ஒன்பதும் ஆடற சத்தம் நல்லாக் கேக்குது. ஆனா திறக்க மாட்டேங்குதே!"

"மொதல்ல அதை டேபிளை விட்டு எடுங்க. தோசை ஆறுது," என்றாள் தாமரைச்செல்வி.

குமாரசாமி எடுக்கவில்லை. மூன்று வாரமாக அந்தப் பெட்டி, கலிபோர்னியாவின் டப்ளினில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் குடியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வால்நட் மரப்பெட்டி. பூட்டு கிடையாது, சாவித்துவாரம் கிடையாது. தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கூடவே ஒரு சீட்டு. அதில் ஒரே வரி அச்சாகியிருந்தது: 'டாலஸில் திறக்கும்.'

டாலஸில் வருடா வருடம் புதிர்ப்பெட்டிப் பிரியர்களின் மாநாடு நடக்கும். முந்நூறு பேர் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். தாங்கள் செய்த பெட்டியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முழிப்பதை ரசிப்பார்கள். கலிபோர்னியாவிலிருந்து குமாரசாமியும், நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரிலிருந்து நஞ்சுண்டனும் பதினைந்து வருடம் தவறாமல் அங்கே போனார்கள். வருடத்தில் அந்த மூன்று நாள்தான் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது.

அதுவும் நின்று மூன்று வருடமாகிறது. நஞ்சுண்டன் ஆறு மாதம் பாடுபட்டுச் செய்து, நம்பி முன்கூட்டியே அனுப்பிவைத்த பெட்டியை எப்படித் திறப்பது என்று, மாநாட்டுக்கு முந்தின வாரமே குமாரசாமி வீடியோ போட்டுவிட்டார். புதிர்க்காரர்கள் மத்தியில் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. பதிலுக்கு நஞ்சுண்டன், 'இவன் செய்யறது எல்லாமே காப்பி' என்று புதிர்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் எழுதினார். இருவருமே தப்பு செய்தவர்கள். அதனால் இருவருமே, அடுத்தவன் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

"இது நஞ்சுண்டன் வேலைதான். எனக்குன்னு வேற யாரு இவ்வளவு மெனக்கெடுவா?"

"அப்ப போன் பண்ணிக் கேளுங்க."

"திறக்க முடியலைன்னு அவன்கிட்டச் சொல்றதா? மானம் போயிரும்."

"மூணு வருஷமா அந்த மானத்தைத்தானே பத்திரமா வெச்சிருக்கீங்க."

அவர் அதைக் கேட்காததுபோல் பெட்டியைத் திருப்பினார். "இங்க பாரு. இந்த மாதிரிப் பெட்டிக்கு நாலு வழிதான். ஏதாவது பலகை நகரணும். இல்ல, சாய்ச்சாத் திறக்கணும். இல்ல, பம்பரமாச் சுத்தினாத் திறக்கணும். மூணும் பண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. பாக்கி இருக்கறது காந்தம். மூடியைப் பிடிச்சிருக்கற ஒவ்வொரு பின்னு நுனியிலயும் ஒரு குட்டிக் காந்தம் வெச்சிருக்கான். நான் வெளியில ஒரு காந்தத்தை வெச்சா ஒரு பின்னு விலகுது, பக்கத்துல இருக்கறது இறுகுது. ஒன்பதையும் ஒரே நேரத்துல இழுக்கணும். எந்தக் காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரியாம எப்படி இழுக்கறது? புரியுதா?"

"எனக்கு என்னங்க புரியும்? ட்ரில் போட்டுத் திறங்களேன்."

"ட்ரில்லா!" குமாரசாமி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "அவனே சமாதானமாப் போலாம்னு வந்திருக்கான். அதுல போய் ஓட்டை போடச் சொல்றியே!"

"அப்படின்னா டாலஸ் போயே திறங்க. சீட்டுல அதைத்தானே போட்டிருக்கு?"

அவர் பெட்டியை மறுபடி மேஜைமேல் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "போயி, அவன் வரலைன்னா?"

"வருவாரு. டிக்கெட் புக் பண்ணுங்க. எனக்கும் சேத்து."

"உனக்குப் போர் அடிக்குமே."

"அடிக்கட்டும்."

டாலஸ் ஹோட்டல் கூடத்தில் ஜன்னலோர மேஜையில் நஞ்சுண்டன் உட்கார்ந்திருந்தார். குமாரசாமியைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"முடியெல்லாம் எங்கடா?" என்று கேட்டார் குமாரசாமி.

"நீ வீடியோ போட்ட அன்னைக்கே கொட்டிருச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

குமாரசாமி பெட்டியை மேஜைமேல் வைத்தார். "சரிடா, தோத்துட்டேன்னே வெச்சுக்கோ."

நஞ்சுண்டன் அதையே வெறித்துப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அச்சு அசலாக அதே போல் இன்னொரு பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் தாமாக நகர்ந்து 'டக்' என்று ஒட்டிக்கொண்டன. இரண்டு மூடிகளும் வழுக்கித் திறந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

"அடப்பாவி!" குமாரசாமிக்குக் கண் கலங்கியது. "இதோட ஒன்பது காந்தமும் அதோட ஒன்பது பின்னையும் ஒரே சமயத்துல இழுக்குது. அது இதை இழுக்குது. தனியா வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் முட்டினாலும் திறக்காது! என்னமா யோசிச்சுச் செஞ்சிருக்கே!"

"நான் எங்கடா செஞ்சேன்?" என்றார் நஞ்சுண்டன். "எனக்கு இதை அனுப்பினது நீதானே? நீயே இறங்கி வந்துட்டியேன்னுதான் நான் ப்ளைட் ஏறினேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டையும் செஞ்சது நான்தான், அண்ணா," என்றாள் பக்கத்தில் நின்ற தாமரைச்செல்வி. "இத்தனை வருஷமா இவரு தினம் எக்ஸ்ப்ளெயின் பண்ணினதைக் கேட்டே கத்துக்கிட்டேன். யாரு முதல்ல மன்னிப்புக் கேக்கறதுங்கறதுதான் சிக்கல். அதான் ரெண்டு பேருக்குமே, அடுத்தவரு கேட்டுட்ட மாதிரி ஆளுக்கு ஒண்ணு அனுப்பிட்டேன்."