கையுறைப் பள்ளிக்கூடம்

திருப்பூரில் புதிதாகத் திறந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் பாடப் புத்தகமே கிடையாது. எல்லாவற்றையும் பிள்ளைகள் கையால் செய்துதான் கற்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் முதல் ஆளாக மைக்கை வாங்கியவள் கோமதிதான்.

"எம்பொண்ணு யாழி ரெண்டாவதுதான் படிக்கறா. காலர் கலையாம சட்டை மடிக்கறாளுங்க. எனக்கே கம்பெனியில இதக் கத்துக்க ஆறு மாசம் ஆச்சு" என்று வாய் நிறையச் சொன்னாள். வகுப்பில் பிள்ளைகள் கழற்றாமல் போட்டிருந்த மெல்லிய கையுறை, அழுக்குப் படாமலிருக்க என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பனியன் கம்பெனியில், அவள் சட்டை மடிக்கும் மேஜைக்கு முன்னால் இரண்டு இயந்திரக் கைகள் நின்றன.

"இனி மடிப்பெல்லாம் இதுதானுங்க்கா" என்றான் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒவ்வொரு சட்டையையும் எடுக்கும் முன் இயந்திரத்தின் இடது கை கீழே இறங்கி, அங்கே இல்லாத ஒரு துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டது.

"அது எதுக்குன்னே தெரியலைங்க்கா. ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கையசைவை கிளவுஸ்ல பதிஞ்சுதான் இதுக்குக் கத்துக்குடுத்தாங்களாம், அதுல வந்த பழக்கமாம்."

கோமதிக்குத் தெரிந்தது. வீட்டில் யாழியிடம் தினமும் சொல்வது தன்னையறியாமல் வாயில் வந்தது.

"பாவாடையில தொடைக்காத கண்ணு."

கை அடுத்த சட்டையை எடுத்தது.