விறகு பிளக்கிற நேரமா?

கட்டைக்குள் கத்தி பாதி இறங்கி நின்றுவிட்டது. கொழுந்தன் அதன் முதுகில் தடியால் ஓங்கி ஒரு போடு போட்டான்.

அவன் அண்ணனைக் காணோமென்று ஒன்றரை மணி நேரமாக மேடும் பள்ளமும் அலசியாகிவிட்டது. இவன் என்னடாவென்றால் கூடாரத்து வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தான்.

அவள் மேட்டிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தாள். ஒரு கால் செருப்பு சேற்றோடு போயிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது.

"உனக்கே நல்லா இருக்கா தம்பி? அங்க மனுஷனைக் காணோம். இது விறகு பிளக்கிற நேரமா?"

"உட்காருங்க அண்ணி," என்றான் நிமிராமல். "இனிமே அவரைக் கூப்பிடாதீங்க."

இனிமேல் கூப்பிடாதே என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்து மர அறுவை மில்லில் கட்டை உருண்டு அவள் கணவரின் தலையில் அடிபட்டது. மில்லையே அதட்டி ஆண்ட மேஸ்திரி அவர். உடம்பு தேறிவிட்டது, ஆள் தேறவில்லை. பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருப்பார். யாராவது கத்தினால் மிரண்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். கட்டிய பெண்டாட்டியையே "நீங்க யாரும்மா?" என்று கேட்பார்.

மில்லை இப்போது தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். இந்தக் காட்டுப் பயணமும் அவன் ஏற்பாடுதான். நாலு மரத்தைப் பார்த்தால் அண்ணன் மனசு தெளியும் என்று நச்சரித்துக் கூட்டி வந்தான். மதியம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில் அவரோடு இருந்ததும் அவன் ஒருவன்தான்.

ஓடைக்கரை வரை தேடிப்போன வனக்காவலர் திரும்பி வந்தார். அவர் பின்னாலேயே பனிமூட்டமும் வந்து கூடாரத்தைச் சுற்றிக்கொண்டது.

"கீழே பெரிய பள்ளம் இருக்கும்மா. எங்க ஆளுங்க வந்து சேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள இருட்டிடும்."

சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை கத்தியில் நின்றது. ஒரு சாண் நீளத்துக்கு, மடக்க முடியாத, முதுகு தடித்த கத்தி.

"கடைசியா அவரோட யாரு இருந்தது?"

"நான்தான். தண்ணி எடுக்கப் போனேன். வந்து பாத்தா ஆளில்லை."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்கூட இருக்காது."

டொக். டொக். டொக். கொழுந்தன் நிறுத்தினான். தலையைச் சாய்த்து ஒரு நொடி சும்மா இருந்தான். மறுபடி மூன்று அடி.

காவலர் குனிந்து அந்தக் கட்டையைப் பார்த்தார். "உனக்கு இதுவா கிடைச்சது? உடம்பு பூரா கணு. பக்கத்துலயே நேர் கட்டை இத்தனை கிடக்குதே."

கொழுந்தன் கட்டையைத் திருப்பி, கணு மேலே வரும்படி வைத்துக்கொண்டான்.

அக்கம்பக்கத்தில் ஒருத்தி சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெரியவன் இல்லையென்றால் மில் முழுக்கச் சின்னவனுக்குத்தானே என்றாள். அப்படிச் சொன்னவளை அன்று வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். இன்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மிச்சத்தையும் கேட்கலாம் போலிருந்தது.

"கத்தியைக் கீழ போடு," என்றாள். "போலீஸ் வரட்டும். அவரை எங்க விட்டுட்டு வந்தேன்னு அவங்ககிட்டச் சொல்லு."

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. உள்ளங்கைத் தோல் உரிந்து, பிடித்திருந்த தடியில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"வரட்டும் அண்ணி. அதுவரைக்கும் இதை அடிச்சுக்கிட்டு இருக்கேன், விடுங்க."

காவலர் அவன் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். கூடாரத்துக்குப் பின்னால், பனிக்குள், ஒரு சுள்ளி ஒடிந்தது.

அவள் கத்த வாயைத் திறந்தாள். கொழுந்தன் வேண்டாமென்று வேகமாகத் தலையாட்டினான். கும்பிடாத குறைதான். பிறகு கத்தியை அதே கணுவின் மேல் கோணலாக வைத்து மறுபடி அடித்தான். அது இறங்காமல் கணகணத்தது.

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவன் இன்னும் கோணலாக ஒரு அடி அடித்தான். இம்முறை காலடி விறுவிறுவென்று நெருங்கியது.

முழங்கால் வரை சேற்றோடு அவள் கணவர் பனியிலிருந்து வெளியே வந்தார். அவளையும் காவலரையும் இரண்டு மரங்களைத் தாண்டுவதுபோலத் தாண்டினார். நேரே போய்த் தம்பியின் கையிலிருந்த தடியைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. இரண்டு வருஷமாக யாரும் கேட்காத மேஸ்திரியின் குரல் அந்தக் காட்டையே அதட்டியது.

"கணுவுல அடிக்கிற முட்டாப்பய எவன்டா?"