பேசாத தட்டு

“டீச்சர், இது இன்னும் வாயே திறக்கலையா?”

கேட்டுக்கொண்டே ஆய்வகத்துக்குள் வந்தார் தலைமையாசிரியர். இயற்பியல் டீச்சர் மேசையிலிருந்து நிமிரவில்லை. அவள் முன்னால் ஒரு காகிதத் தட்டு கவிழ்ந்திருந்தது. தட்டின் முதுகில் செம்புக் கம்பிச் சுருள், சுருளுக்கு நடுவே ஒரு காந்தம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வாரமாக அவள் செய்த ஸ்பீக்கர். காந்தம்கூடக் கடையில் வாங்கியதில்லை. அறிவிப்புகளுக்காக அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டியிருந்த ஒலிப்பெட்டிகளில், ஆய்வகத்துப் பெட்டியைக் கழற்றி அதிலிருந்து எடுத்தது.

“கரண்ட் போனா சுருளும் காந்தமாயிடும் சார். ரெண்டு காந்தமும் இழுத்துத் தள்ளி, தட்டை ஆட்டணும். தட்டு ஆடினா சத்தம் வரணும். ஏன் வரலைன்னுதான் புரியல.”

பள்ளி அறிவிப்புகளுக்கான ஆம்ப்ளிஃபயரும் அதே மேசையில்தான் இருந்தது. போன மாதம் வெள்ளையடித்தவர்கள் அதன் முகப்பிலும் பிரஷ்ஷை ஓட்டிவிட்டதால், எழுத்து ஒன்றும் தெரியாமல் இரண்டு துளைகள் மட்டும் மிச்சம். ஒன்றில் பாட்டு ஓடும் செல்போனின் ஒயர், மற்றதில் தட்டின் ஒயர். சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டு மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

“பதினொரு மணிக்கு ஆய்வு அதிகாரி வந்துடுவார். ஞாபகம் இருக்கில்ல?”

மறக்கக்கூடிய விஷயமா? எட்டு வருஷமாக அவள் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு விடுமுறையிலும், திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். இன்று அவள் செய்துகாட்டுவதைப் பார்த்து அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம்.

வாசலில் பியூன் வந்து நின்றார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் காதைத் தொட்டுக் காட்டித் தலையைத் தலையை ஆட்டினார்.

“பல்வலின்னா மாத்திரை போட்டுக்கோய்யா. லீவு கேக்க நேரம் பார்த்தே பாரு.” தலைமையாசிரியர் அவரை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்தார். “எங்க வீட்டு ரேடியோவுல கழட்டினது. இதை மேசைக்கு அடியில வெச்சுடுங்க. தட்டுதான் பாடுதுன்னு நினைச்சுப்பாரு.”

“ஏமாத்து வேலையாச்சே சார்.”

“எது ஏமாத்து வேலை? லைப்ரரியில ஆயிரம் புத்தகம் இருக்குன்னு போன வருஷம் எழுதிக் கொடுத்தோம். முன்வரிசைதான் புத்தகம், பின்னாடி பூரா அட்டைப்பெட்டி. யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகளை அந்த அலமாரிப் பக்கம் விடாததன் காரணம் இப்போதுதான் புரிந்தது.

“அவரு கண்டுபிடிச்சுட்டா?”

“அவரா? காந்தத்துக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். ரெண்டு தடவை ‘சார் சார்’னு கூழைக்கும்பிடு போட்டா, நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாரு.”

எங்கோ ஒரு வகுப்பில் கொல்லென்று சிரித்தார்கள். உடனே அடங்கிவிட்டது. அதற்கப்புறம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

“பார்த்தீங்களா, அதிகாரி வர்றாருன்னதும் பிள்ளைங்ககூட எவ்வளவு அடக்கமா இருக்குதுங்க. நீங்கதான் முரண்டு பிடிக்கிறீங்க.”

அவள் அந்தச் சின்ன ஸ்பீக்கரைக் கையில் எடுத்தாள். குனிந்து மேசைக்கு அடியில் வைத்தால் எட்டு வருஷக் கவலை தீர்ந்தது. ஆனாலும் அதை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

“வேண்டாம் சார். பிள்ளைங்க விரல் சிவக்கச் சிவக்கச் சுத்தின கம்பி இது. பேசலைன்னா பேசலைன்னு அவர்கிட்டயே சொல்லிடறேன்.”

“அப்ப நிரந்தரத்தை மறந்துடுங்க. உங்க ஃபைல் என் மேசையிலதான் கிடக்கு. அது குப்பைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?”

கதவு தட்டப்பட்டது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பியூன், தலையைக் குனிந்தபடி.

“வாங்க சார், வாங்க,” என்று தலைமையாசிரியர் இரண்டாக வளைந்தார். “பதினொண்ணுக்குத்தானே...”

“கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்.” அதிகாரி நேராக மேசைக்குப் போனார். “ஸ்பீக்கர் வேலை செய்யுதா டீச்சர்?”

“பிரமாதமா சார்,” என்றார் தலைமையாசிரியர்.

“இல்லை சார்,” என்றாள் அவள். “பேசல. எங்கே தப்புன்னும் தெரியல.”

அதிகாரி குனிந்து இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, துளை மாற்றிச் செருகினார். தட்டு நடுங்கியது. மெலிந்த குரலில், ஆனால் வார்த்தை பிசகாமல், பாட்டு வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கம்பி சுத்தினதுல ஒரு தப்பும் இல்ல. உங்க ஃபைல்ல கையெழுத்துப் போட்டு அவர் மேசையிலேயே வெச்சிருக்கேன், போய் எடுத்துக்குங்க.”

தலைமையாசிரியர் முகம் வெளுத்தது. “என் ரூமுக்கு எப்ப சார் வந்தீங்க?”

“கால் மணி நேரமாச்சு. ஸ்பீக்கரை மைக் துளையில செருகினா அதுவே மைக்காயிடும் சார். நீங்க இங்கே பேசினது ஒண்ணு விடாம உங்க ரூம் ஒலிப்பெட்டியில எனக்குக் கேட்டுச்சு, பன்னிரண்டு வகுப்புக்கும்தான்.”